தொட்டியில் நிழல் விழும் நேரம்

மேற்கு நாட்டுப் பீரங்கி சுட்ட முதல் குண்டு, எல்லைச் சாலையில் இருந்த பஞ்சர்க் கடையின் தகரக் கூரைக்கு மேலே மூன்று மாடி உயரத்தில் நின்றுவிட்டது. மூக்கு கீழே பார்க்க, வால் வானத்தைப் பார்க்க, கேஸ் சிலிண்டரைவிடச் சற்றுப் பெரியதாக, சாம்பல் நிறத்தில் மெதுவாகச் சுழன்றுகொண்டிருந்தது. அன்று வியாழக்கிழமை. காலையில் லேசான தூறல் இருந்து ஓய்ந்திருந்தது. கடைக்காரி ஒரு லாரி டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கி, எங்கிருந்து குமிழி வருகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தாள். தொட்டித் தண்ணீரில்தான் அவள் அதை முதலில் கண்டாள். நிமிர்ந்து பார்த்தாள். பிறகு குனிந்து, கையிலிருந்த டியூபை ஒட்டி முடித்தாள். அதற்குள் லாரிக்காரன் வண்டியைப் போட்டுவிட்டு ஓடியிருந்தான். அந்த லாரி இன்னும் அங்கேதான் நிற்கிறது; அதன் டயர்களை அவள் ஒவ்வொன்றாகக் கழற்றி விற்றுவிட்டாள்.

சண்டை ஒரு மணல்திட்டுக்காக. ஆற்றின் நடுவில் கோடையில் மட்டும் தலைகாட்டும் திட்டு அது. மழைக்காலத்தில் கொக்குகூட அதில் நிற்க முடியாது. அது மேற்கு நாட்டுக்குச் சொந்தமா, கிழக்கு நாட்டுக்குச் சொந்தமா என்று இரண்டு தலைமுறையாகப் பேசிப் பார்த்தார்கள். பிறகு பேசுவதை நிறுத்திவிட்டுப் பீரங்கிகளைக் கொண்டுவந்தார்கள். முதல் குண்டு விழுந்ததும் தொடங்குவது என்று இரண்டு பக்கமும் ஏற்பாடு. குண்டு விழவில்லை. இரண்டு தலைநகரங்களிலும் சட்ட ஆலோசகர்களைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். குண்டு தரையைத் தொட்டால்தான் போர் தொடங்கியதாகக் கொள்ள முடியும் என்று இரண்டு பக்கத்து ஆலோசகர்களும் சொன்னார்கள். இரண்டு நாடுகளும் பல வருடங்களில் ஒத்துப்போன முதல் விஷயம் அதுதான். ராணுவங்கள் குழிகளில் உட்கார்ந்து மேலே பார்த்தபடி காத்திருந்தன. கழுத்து வலிக்கு மருந்து தட்டுப்பாடு வந்தது.

நின்றது என்று சொன்னாலும் அது ஒரே இடத்தில் நிற்கவில்லை. தினமும் ஒரு விரற்கடை இறங்கியது. அதைவிட மோசமான ஒன்றும் இருந்தது. அதிகாரிகள் கடைக்காரியைக் காலிபண்ணச் சொன்னபோது அவள் ஒரு பையில் துணியையும் இன்னொன்றில் பசை டப்பாக்களையும் எடுத்துக்கொண்டு அடுத்த தெருவிலிருந்த பள்ளிக்கூடத்துக்குப் போனாள். குண்டும் அவள் தலைக்கு மேலேயே, அவள் நடக்கிற வேகத்தில், கூடவே போனது. பள்ளிக்கூடத்தில் ஏற்கெனவே பலர் தங்கியிருந்தார்கள். எல்லோரும் எழுந்து வேறு பக்கம் போனார்கள், அவ்வளவுதான். அவள் பைகளைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்தாள். சந்தைக்குப் போனால் சந்தை கலைந்தது. காய்கறிக்காரர்கள் வேண்டியதை வீட்டுக்கே அனுப்பிவிடுகிறோம் என்று மிகவும் மரியாதையாகச் சொன்னார்கள். அவள் கணவனும் லாரி டிரைவர்தான், பயந்த சுபாவம். பக்கத்து ஊரிலிருந்த தம்பி வீட்டுக்குப் படுக்கையை மாற்றிக்கொண்டு, சாப்பாட்டு வேளைக்கு மட்டும் வந்துபோனான். ஒரே மகள் கடல்நாட்டில் ஒரு படகு மெக்கானிக்கைக் கட்டிக்கொண்டு போயிருந்தாள். அம்மாவைப் பார்க்க வருகிறேன் என்று போனில் சொன்னாள். கடைக்காரி கூடாது என்றாள். இந்தக் குண்டுக்குக் கீழே என் மகள் வந்து நிற்கக் கூடாது, நானும் அங்கே வந்து உன் தலைமேல் இதை நிறுத்த மாட்டேன் என்று சொல்லிப் போனை வைத்தாள். அந்தப் பேச்சை அவள் ஒன்பது வருடம் காப்பாற்றினாள்.

தூரத்துப் பெரிய நாடுகளிலிருந்து நிபுணர்கள் வந்தார்கள். கெட்டிக்காரர்கள், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. கிரேன் கொண்டுவந்தார்கள். குண்டுக்கு அடியில் எஃகு வலை கட்டினார்கள். ஒரு கம்பிகூட அறுபடாமல் குண்டு வலையைத் தாண்டி அன்றைக்கான விரற்கடையை இறங்கியது. இதற்கு நடுவில் உலகத்தின் வேறொரு மூலையில் இதைவிடப் பெரிய சண்டை ஒன்று தொடங்கியது. நிபுணர்கள் பெட்டியைக் கட்டினார்கள். அவர்கள் போவதற்கு முன் உலக சபை ஒரு தீர்மானம் போட்டது. சுற்றியுள்ள நாடுகள் இதைத் தங்கள் பொறுப்பில் எடுத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும், சபை பின்னால் நிற்கும் என்று அதில் இருந்தது. கைகழுவிவிட்டார்கள் என்று அப்போது எல்லோரும் திட்டினார்கள். இப்போது யோசித்தால் சபை செய்ததிலேயே உருப்படியான காரியம் அதுதான். தூரத்தில் இருப்பவன் நல்லவனாக இருக்கலாம், கம்பளி அனுப்பலாம், கவலைப்படலாம். தினமும் வந்து உட்கார அவனால் முடியாது.

குண்டு ஒரு மாடி உயரத்துக்கு இறங்கியிருந்த சமயத்தில் ஒரு நாள் பிற்பகல் மூன்று பேர் அந்தக் கடைக்கு வந்தார்கள். சேர்ந்து வரவில்லை. முதலில் வந்தவர் கடல்நாட்டு வெளியுறவு அலுவலகத்தில் நடுத்தர நாற்காலி ஒன்றில் இருந்தவர். கவலை தெரிவிக்கும் கடிதம் ஒன்றைக் கிழக்கு அரசிடம் கொடுத்துவிட்டுத் திரும்பும் வழியில் காரின் பின்சக்கரம் பஞ்சர். காரைவிட்டு இறங்கியவர் மேலே பார்த்துவிட்டுக் குடையை விரித்துக்கொண்டார். அன்றிலிருந்து அவருக்குக் குடைக்காரர் என்றே பெயர். அடுத்து வந்தது மலைநாட்டு ஆட்டு டாக்டரம்மா. எல்லை மூடியதில் அவர் மேற்பார்வையில் இருந்த ஆட்டு மந்தை ஒன்று இந்தப் பக்கம் மாட்டிக்கொண்டது. அதை விட்டுப் போக மனமில்லாமல் சுங்கச் சாவடியிலேயே தங்கியிருந்தார். குடிக்கச் சுடுதண்ணீர் கேட்டு வந்தார். மூன்றாவது ஆள் ஒரு குச்சியில் வெள்ளைப் பனியனைக் கட்டிப் பிடித்தபடி ஆற்றுப் பாலத்தைக் கடந்து வந்தான். அந்தக் குண்டைச் சுட்ட மேற்கு நாட்டுப் பீரங்கிக்காரன் அவன். உன் குண்டுக்கு என்ன கேடு என்று போய்ப் பார்த்து வா என்று மேலதிகாரி அனுப்பியிருந்தார்.

கடைக்காரி அவனை மேலும் கீழும் பார்த்தாள்.

"எதப் பாத்துச் சுட்ட?"

"புகையப் பாத்துக்கா."

"எந்தப் புகை?"

"இங்கேருந்து கெளம்பின புகை. ரகசியத் தொழிற்சாலைன்னு மேலிடத்துல சொன்னாங்க."

அவள் பஞ்சர் ஒட்டும் சின்ன அடுப்பைக் காலால் தள்ளிக் காட்டினாள். "இந்தா, தொழிற்சாலை. எங்க வீட்டுக்காரர் கேட்டா பெருமைப்படுவாரு."

பிறகு தன்னையும் சேர்த்து நால்வருக்கும் டீ போட்டாள். குடிக்கும்போது யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. சாலையில் நின்ற கூட்டம் சத்தம் போட்ட பிறகுதான் மேலே பார்த்தார்கள். குண்டு மெதுவாக ஏறிக்கொண்டிருந்தது. மூன்று மாடி உயரத்துக்குப் போய் நின்றது. காரின் பஞ்சர் ஒட்டி முடிந்ததும் குடைக்காரர் விடைபெற்றுக் கிளம்பினார். கார் நகர்ந்து சற்றுத் தூரம் போனதும் குண்டு குலுங்கி ஒரு முழம் இறங்கியது. கண்ணாடியில் கூட்டம் சிதறுவதைப் பார்த்த குடைக்காரர் காரைத் திருப்பினார். குண்டு ஏறியது. அவர் படித்தவர், எதையும் சோதித்துப் பார்க்காமல் நம்பாதவர். இறங்கி நடந்து போனார், வந்தார், மறுபடி போனார். பிறகு டாக்டரம்மாவைப் போகச் சொன்னார், பீரங்கிக்காரனைப் போகச் சொன்னார். யார் ஒருவர் போனாலும் இறங்கியது. நால்வரும் இருந்தால் நின்றது. எவ்வளவு தூரம் போகலாம் என்பதையும் அன்றே கண்டுபிடித்தார். சாதாரணக் குரலில் பேசினால் மற்றவர் காதில் விழும் தூரம். அதற்கு மேல் ஓர் அடி போனாலும் குண்டு ஒப்புக்கொள்ளவில்லை. அன்று மாலை அவர் தன் அலுவலகத்துக்குப் போன் செய்து, நான் இங்கேயே இருக்க வேண்டியிருக்கிறது என்றார். எத்தனை நாள் என்று கேட்டார்கள். தெரியவில்லை என்றார்.  மேலதிகாரி போனை வாங்கி, "யாருப்பா அந்தப் பொண்ணு?" என்று கேட்டார்.

இப்படித்தான் நாலு நாட்டுச் சங்கம் தொடங்கியது. பெரிய மண்டபம் எதுவும் கிடையாது. பஞ்சர்க் கடை முற்றத்தில் மூன்று நாற்காலிகள். கிழக்குக்குக் கடைக்காரியே இருந்தாள். அவளுக்கு முக்காலி முன்பே இருந்தது. அந்தந்த நாட்டு ஆள் யார் இருந்தாலும் குண்டு ஒப்புக்கொண்டது; ஆகவே மற்ற மூன்று நாடுகளும் ஆளுக்கு ஐந்தாறு பேரை நியமித்து, எட்டு மணி நேர ஷிஃப்டாக உட்காரவைப்பது என்று ஒப்பந்தம் போட்டன. மாற்று ஆட்களை ஏற்றிவரக் கிழக்கு அரசு ஒரு பஸ் விட்டது. பிற்பகல் இரண்டு மணிக்கு ஷிஃப்ட் மாறும் என்று ஒப்பந்தத்தில் தெளிவாக எழுதியிருந்தது. யாருடைய இரண்டு மணி என்று எழுதவில்லை. நான்கு நாடுகளுக்கும் தனித்தனிக் கடிகாரம். கடல்நாடு அரைமணி முன்னால் ஓடும். மலைநாட்டில் கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைப்பார்கள். இத்தனை மந்திரிகள் கையெழுத்துப் போட்ட தாளில் இதை ஒருவரும் கவனிக்காததற்குக் காரணம், அதுவரை அவர்கள் எதையும் ஒரே நேரத்தில் செய்ததில்லை. முதல் நாள் மலைநாட்டு ஆள் தன் கைக்கடிகாரத்தில் இரண்டு ஆனதும் எழுந்து, எல்லோருக்கும் ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போய்விட்டார். பஸ் கிழக்கு நாட்டு இரண்டு மணிக்கு வந்தது. இடைப்பட்ட நேரத்தில் குண்டு இறங்கி வந்து தகரக் கூரையைத் தொட்டது. தகரம் கிண்ணம் போலக் குழிந்தது. கடைக்காரி ஓடவில்லை. ஓடினால் கூடவே வரும் என்பது அவளுக்குத் தெரியும். தொட்டி ஓரத்தில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தாள். உச்சந்தலை சுட்டது என்று பிறகு சொன்னாள். அந்த இடத்தில் அவளுக்கு முடி வெள்ளையாகவே முளைத்தது.

மந்திரிகள் அடித்துப்பிடித்துக் கூடினார்கள். யார் கடிகாரத்தையும் யாரும் ஏற்கத் தயாராக இல்லை. மேற்கு நாட்டுக்காரர் கிழக்கு நேரத்தைச் சொல்லக்கூட வாய்வராது என்றார். மூன்றாம் நாள் பேச்சு அலுத்துப்போய் எல்லோரும் முற்றத்தில் உட்கார்ந்திருந்தபோது, குண்டின் நிழல் நகர்ந்து வந்து தண்ணீர்த் தொட்டிக்குள் விழுந்தது. இது எந்த நாட்டு நேரம் என்று மலைநாட்டு மந்திரி கேட்டார். யாருக்கும் பதில் தெரியவில்லை. ஆகவே எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். தொட்டியில் நிழல் விழும்போது ஷிஃப்ட் மாறும்; மற்ற இரண்டு மாற்றங்களையும் அதிலிருந்து எட்டெட்டு மணி நேரம் எண்ணிக்கொள்வது. மேகம் மூடிய நாளில் என்ன செய்வது என்பதற்கும் ஒரு விதி சேர்த்தார்கள்: வந்தவர் நாற்காலியில் உட்காராமல் இருப்பவர் எழக் கூடாது. சில வருடங்களில் நான்கு நாட்டு ரயில்களும் தொட்டி நேரத்துக்கே ஓடத் தொடங்கின. பிறகு துறைமுகங்கள், பிறகு மின்சார வாரியங்கள். இதற்கெல்லாம் யாரும் விழா எடுக்கவில்லை. ரயில் நேரத்துக்கு வந்தது, அவ்வளவுதான்.

அந்த வருடங்களைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஷிஃப்டில் உட்கார்வது அலுப்பான வேலை. முதுகு வலிக்கும், பேச்சு தீர்ந்துபோகும், எதிரில் இருப்பவன் தொண்டையைச் செருமும் விதம் ஆகாமல் போகும். முற்றத்தில் சண்டைகள் நிறைய நடந்தன. ஒரு தடவை டாக்டரம்மாவும் பீரங்கிக்காரனும் கடை ஜன்னலைத் திறப்பதா மூடுவதா என்பதில் தொடங்கி இருவரின் பாட்டன் முப்பாட்டன் வரை போய்விட்டார்கள். அதன் பிறகு ஒரு மழைக்காலம் முழுவதும் முகத்தைத் திருப்பிக்கொண்டே உட்கார்ந்திருந்தார்கள். குண்டு அசையவில்லை. அவர்கள் நண்பர்களாக இருக்க வேண்டும் என்று அது கேட்கவில்லை. எழுந்து போகாமல் இருக்க வேண்டும் என்று மட்டும் கேட்டது. இதைக் கேட்கச் சின்ன விஷயமாகத் தெரியும். செய்து பார்த்தவர்களுக்குத் தெரியும், ஊருக்கு நல்லது செய்வதில் இதைவிடக் கடினமான வேலை கிடையாது. பெரும்பாலானவர்கள் எழுந்து போகிறவர்கள்தான். அந்த மூன்று நாட்டு ஆட்களும் போகவில்லை. காய்ச்சலோடு வந்தார்கள். அப்பா செத்த மறுநாள் வந்தார்கள். கடைக்காரியின் மகளுக்கு முதல் கர்ப்பம் கலைந்த செய்தி போனில் வந்த பிற்பகலிலும் இருந்தார்கள். அவள் போனை வைத்துவிட்டுத் தொட்டித் தண்ணீரை மாற்றினாள். மாற்ற வேண்டிய அவசியமில்லை, அன்று காலைதான் மாற்றியிருந்தாள். பீரங்கிக்காரன் எழுந்து வாளியைப் பிடித்தான். "நீ சும்மா இருடா. எல்லாம் உன்னாலதான்" என்றாள். அவன் வாளியை விடவில்லை. அடுத்த வருடம் இரண்டாவதும் கலைந்தது. அப்போது அவள் அவனைத் திட்டவில்லை. அது அவனுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது என்று குடைக்காரர் சொல்வார்.

ஏழாவது வருடம் மேற்கு நாட்டில் புது அதிபர் வந்தார். குண்டு நம்முடையது, சுட்டதும் நாம், அது விழாமல் இருக்க நாமே ஏன் ஆள் அனுப்ப வேண்டும் என்று மேடைக்கு மேடை கேட்டு ஜெயித்தவர். பதவி ஏற்றதும் தன் நாட்டு ஆட்களை எல்லாம் திரும்பக் கூப்பிட்டார். உத்தரவு வந்தபோது நாற்காலியில் இருந்தவன் பீரங்கிக்காரன். கையில் கடிதத்தை வைத்துக்கொண்டு குண்டைப் பார்த்தான், கடைக்காரியைப் பார்த்தான். போகாவிட்டால் ராணுவ நீதிமன்றம். போனால் என்ன ஆகும் என்று யாரும் அவனுக்குச் சொல்ல வேண்டியதில்லை. குடைக்காரர்தான் யோசித்தார். பல வருடங்களுக்கு முன், நான்கு நாடுகளும் நல்லபடி இருந்த காலத்தில், சாலைப் போக்குவரத்துக்கென்று ஓர் ஒப்பந்தம் போட்டிருந்தார்கள். வண்டி பழுதானவர் அதைச் சரிசெய்து முடிக்கும்வரை எந்த நாட்டிலும் தங்கலாம், அவரை எந்த அதிகாரியும் கிளப்பக் கூடாது என்று அதில் ஒரு விதி. சுவாரசியமே இல்லாத ஒப்பந்தம். அதனாலேயே சண்டையின்போது அதை ரத்து செய்ய யாருக்கும் ஞாபகம் வரவில்லை. பீரங்கிக்காரனிடம் ஒரு சைக்கிள் இருந்தது. கடைக்காரி ஊசியை எடுத்து முன்சக்கரத்தில் ஒரு குத்து குத்தினாள்.

அவனைக் கூட்டிப்போக ஓர் அதிகாரி வந்தார். ஒழுங்கான மனிதர். விதியைப் படித்துப் பார்த்துவிட்டு, பஞ்சர் ஒட்டி முடியட்டும் என்று காத்திருந்தார். அவள் ஒட்டினாள். காற்றடித்தாள். சக்கரத்தை மாட்டுவதற்குள் பின்சக்கரம் இறங்கியிருந்தது. அதிகாரி மறுநாள் வந்தார். அதற்கு மறுநாளும் வந்தார்.

"நேத்தும் இதே டயர்தானே?"

"ரோடு அப்படி சார். அதுவும் உங்க பக்கத்து ரோட்டுல ஆணி கொஞ்சம் ஜாஸ்தி."

"இவன் எங்கேயும் ஓட்டிட்டுப் போகவே இல்லையே."

"நின்ன எடத்துலயே பஞ்சர் ஆகுற ஜாதி சார் இது. எங்க தொழில்ல பாத்திருக்கோம்."

அதிகாரி டியூபைப் பார்த்தார். ஒட்டுக்கு மேல் ஒட்டுப் போட்டு, அதில் ரப்பர் எது ஒட்டு எது என்றே தெரியவில்லை. மேலே குண்டையும் பார்த்தார். தினமும் வந்து, பழுது இன்னும் சரியாகவில்லை என்று எழுதிக்கொண்டு, ஒரு டீ குடித்துவிட்டுப் போனார். மாற்று ஆள் இல்லாததால் பீரங்கிக்காரன் அந்த மாதங்களில் நாற்காலியிலேயே சாப்பிட்டான், நாற்காலியிலேயே தூங்கினான், தாடி வளர்த்தான். கால் வீங்கி இரண்டு அளவு பெரிய செருப்பு போட்டான். அதே சமயத்தில் கடல்நாட்டு, மலைநாட்டு, கிழக்கு நாட்டுத் தலைவர்கள் மூவரும் மேற்குத் தலைநகருக்குப் போய் அதிபரின் வரவேற்பறையில் உட்கார்ந்துகொண்டார்கள். மிரட்டவில்லை. மலைநாட்டுக்காரர் தினமும் காலையில், உங்களுக்கு வரும் மின்சாரத்தை நாங்கள் நிறுத்தப்போவதில்லை என்றார். கடல்நாட்டுக்காரர், எங்கள் துறைமுகத்தை உங்களுக்கு மூடப்போவதில்லை என்றார். கிழக்குக்காரர், மணல்திட்டைப் பற்றி எப்போது வேண்டுமானாலும் பேசலாம், சாப்பிட்ட பிறகு பேசலாம் என்றார். இதைத் தினமும் கேட்டால் எவருக்கும் புரியும். தூரத்து நாடு மிரட்டினால் முறைத்துக்கொண்டு வீம்பாக இருக்கலாம். பக்கத்து வீட்டுக்காரன் வந்து கூடத்தில் உட்கார்ந்து உங்கள் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கிவிட்டால் என்ன செய்ய முடியும். மழை நின்ற வாரத்தில் அதிபர் மாற்று ஆட்களைத் திரும்ப அனுப்பினார். புது ஆள் நாற்காலியில் உட்கார்ந்த பிறகு பீரங்கிக்காரன் எழுந்தான். நிற்க முடியவில்லை. கடைக்காரி அவனைத் தோளில் தாங்கிச் சைக்கிள்வரை கூட்டிப்போனாள். "இப்ப டயர் நல்லா இருக்கு. போய்ட்டு வா, தம்பி" என்றாள். அவள் அவனைத் தம்பி என்றது அதுதான் முதல் தடவை. ராணுவத்தில் அவன் மேல் நடவடிக்கை எதுவும் இல்லை. பழுது உண்மை என்று அந்த அதிகாரி எழுதிக் கொடுத்திருந்தார்.

ஒன்பதாவது வருடம் மகள் மறுபடி உண்டாகியிருந்தாள். எட்டாவது மாதம். கட்டிலைவிட்டு இறங்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவள் போனில் அழவில்லை. சண்டை போட்டாள்.

"இந்தத் தடவையும் நீ வரலன்னா இனிமே போன் பண்ணாத."

"நான் மட்டும் வர முடியாதுடி. கூட ஒண்ணு வரும்."

"வரட்டும். எங்க வீட்டுக்கு மாடி இல்ல. மேல எடம் இருக்கு."

கடைக்காரி நாற்காலிகளைப் பார்த்தாள். அன்று ஷிஃப்டில் இருந்தவர்கள் பழைய மூவரும்.  குடைக்காரர் எழப்போனார், விதி ஞாபகம் வந்து உட்கார்ந்து, போனைத் தன் பக்கம் தரச்சொல்லி, அவளைக் குண்டோடு உள்ளே விடத் தன் நாட்டிடம் அனுமதி கேட்டார்.

கடல்நாட்டு மந்திரிசபை ஒப்புக்கொள்ளவில்லை. மற்றவர் சண்டையில் சுட்ட குண்டைத் தானே வரவேற்றுத் தன் ஊர்களின் தலைமேல் நிறுத்திக்கொள்ள எந்த நாடு ஒப்புக்கொள்ளும். அவர்கள் கேட்டது நியாயமான கேள்வி. குடைக்காரர் ஒன்பது வருடம் பதவி உயர்வு இல்லாமல் அந்த நாற்காலியில் இருந்தவர். எந்த மந்திரியையும் தெரியும், எந்த மந்திரியிடமும் பயம் இல்லை. அந்தக் குண்டு விழுந்தால் கிழக்கும் மேற்கும் மோதிக்கொள்ளும், அகதிகள் நம் துறைமுகத்துக்குத்தான் வருவார்கள். ஆகவே அது முதல் நாளிலிருந்தே நம் தலைமேல்தான் நிற்கிறது, இப்போது கண்ணுக்குத் தெரியப்போகிறது, அவ்வளவுதான் என்றார். வழியில் முதல் வீடு என் வீடு, அங்கே ஓர் இரவு நிறுத்திப் பார்க்கலாம் என்றும் சொன்னார். அவர் மனைவி ரேடியோவில் அதைக் கேட்டுவிட்டு மாடியிலிருந்த ஊறுகாய் ஜாடிகளைக் கீழே இறக்கிவைத்தாள். மந்திரிசபை சம்மதித்தது. சுங்கத்தில் குண்டை எந்த வகையில் சேர்ப்பது என்று ஒரு நாள் குழம்பினார்கள். இறக்குமதி என்று போட முடியாது, அது இறங்கக் கூடாது என்பதுதானே எல்லோருடைய பிரார்த்தனையும். கடைசியில் கடைக்காரியின் கைப்பை என்று எழுதிக்கொண்டார்கள்.

நடந்துதான் போக வேண்டும். குண்டு அதற்குமேல் வேகம் தாங்காது. கடைக்காரி நடுவில், மூவரும் சுற்றிலும், பின்னால் மாற்று ஆட்களோடு பஸ், அதற்கும் பின்னால் தன் அண்டா குண்டாவோடு கணவன். ஒன்பது வருடத்தில் அவன் குண்டுக்கு அவ்வளவு பக்கத்தில் வந்தது அப்போதுதான். குழிகளில் மிச்சமிருந்த சிப்பாய்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். பெரும்பாலான குழிகளில் அதற்குள் பூசணிக்கொடி படர்ந்திருந்தது. எல்லையில் குறுக்குக்கம்பியைத் தூக்கிவைத்துவிட்டார்கள்; முத்திரை குத்த யாரையும் நிறுத்தவில்லை, நின்றால் தூரம் கூடிவிடும். சாலையோரத்தில் ஜனங்கள் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, குண்டை ஒரு பார்வை பார்த்துவிட்டு, கீழே நாலு பேரும் இருக்கிறார்களா என்று எண்ணிக்கொண்டார்கள். இருந்தார்கள் என்றால் திரும்ப வேலையைப் பார்க்கப் போனார்கள். குடைக்காரர் வீட்டின் மேல் ஓர் இரவு நின்றது. ஒரு ஜாடியும் உடையவில்லை.

மகளுக்கு வலி எடுத்த பிற்பகலில்தான் அவர்கள் போய்ச் சேர்ந்தார்கள். துறைமுகத்துக்குப் பின்னால் ஓட்டுக்கூரை போட்ட இரண்டு அறை வீடு. மருமகன் வாசலில் எண்ணெய்க் கையோடு நின்றுகொண்டிருந்தான். கடைக்காரி நேராக உள்ளே போனாள். மருத்துவச்சி கதவைச் சாத்தினாள். சாத்தியதும் உள்ளே பேசுவது வெளியே கேட்கவில்லை. குண்டு விர்ரென்று இறங்கியது. ஓடுகள் கடகடவென்று ஆடின. மூவரும் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே நுழைந்தார்கள்.

மருத்துவச்சி கத்தினாள். "ஆம்பளைங்கல்லாம் எதுக்கு உள்ள?"

"இருக்கட்டும்" என்றாள் கடைக்காரி. "அவங்க போனா கூரை போயிடும்."

குடைக்காரர் குடையை விரித்துக் கட்டிலுக்கு முன்னால் மறைப்பாகப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டார். பீரங்கிக்காரன் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றான். டாக்டரம்மா கையைக் கழுவிக்கொண்டு வந்து, தனக்கு ஆடுதான் பழக்கம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டு, மருத்துவச்சி சொன்னதைச் செய்தார். மகள் வலிக்கு நடுவில் குடையின் ஓரமாகச் சுவர்ப்பக்கம் பார்த்தாள்.

"அது நீங்கதானா? சுட்டது?"

"ஆமாம்மா" என்றான் அவன் சுவரிடம்.

"அங்கேயே நில்லுங்க. எங்கேயும் போயிடாதீங்க."

அவன் போகவில்லை. நெடுநேரம் ஆயிற்று. குடையைப் பிடித்த கை சோர்ந்தபோது குடைக்காரர் கையை மாற்றிக்கொண்டார், குடையை இறக்கவில்லை. குண்டு ஓட்டுக்கு ஒரு முழம் மேலே வந்திருந்தது. பிறகு மெல்ல ஏறி, பக்கத்து வீட்டுக் கொடிக்கம்பத்துக்கும் மேலே போய், வழக்கமான இடத்தில் நின்றது. உள்ளே குழந்தை அழுதது.

"என்ன குழந்தைக்கா?" என்று கேட்டான் பீரங்கிக்காரன்.

"சுவத்தையே பாரு" என்றாள் கடைக்காரி. "பொண்ணு."

அவள் அதன் பிறகு எல்லைச் சாலைக்குத் திரும்பவில்லை. துறைமுகத்தில் லாரிகள் அதிகம், பஞ்சருக்குக் குறைவில்லை. மருமகனின் பட்டறை ஓரத்தில் ஒரு தகரம் இறக்கி, பழைய தொட்டியைப் பஸ்ஸில் வரவழைத்து வைத்துக்கொண்டாள். மூன்று நாற்காலிகளும் வந்துவிட்டன. சங்கத்தில் இப்போது இன்னும் இரண்டு நாடுகள் சேர்ந்திருக்கின்றன. குண்டு அவர்களைக் கேட்கவில்லை. அவர்களாகவே வந்து, எங்களுக்கும் பக்கம்தானே என்று சொல்லி, பெஞ்சு ஒன்று கொண்டுவந்து போட்டுக்கொண்டார்கள். மணல்திட்டைப் பற்றிய பேச்சு ஒவ்வொரு கோடையிலும் நடக்கிறது. மழை வந்ததும் அடுத்த கோடைக்குத் தள்ளிவைக்கிறார்கள். போர் இன்னும் தொடங்கவில்லை. பேத்தி தொட்டியில் காகிதப் படகு விடுகிறாள்; நிழல் உள்ளே விழுந்ததும் படகை வெளியே எடுத்துவிட்டு, நாற்காலியில் இருப்பவர்களிடம், நேரமாச்சு, எழுந்துடாதீங்க என்று சொல்கிறாள். குண்டு அங்கேதான் இருக்கிறது. அது வந்த பிறகு மகள் துணிக்கொடியை வாசலிலிருந்து பின்பக்கம் மாற்றிக் கட்டிவிட்டாள். வாசலில் நிழல் விழுகிறது, துணி சீக்கிரம் காய்வதில்லை.